முப்பத்தைந்தாயிரம்

பகலில் தண்ணீரிலிருந்து உப்பைப் பிரிப்பது என் வேலை.
திருப்பூர்ச் சாயக்கழிவு நிலையத்தின் ஆய்வகத்தில்
மீட்டர் கொஞ்சம் ஏறிக் காட்டினாலே
மேனேஜர் செருப்பை மறந்து ஓடிவருவார்.
இரவில்
அதே மாதிரி மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு
முப்பத்தைந்தாயிரம் வரட்டும் என்று
வீட்டில் காத்திருக்கிறேன்.

ஆறடி நீளம், இரண்டரை அகலம், இரண்டரை உயரம்.
கண்ணாடிக்காரர் சென்னியப்பன்
டேப்பைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்:
"ஏனுங்க, தரை தாங்குமுங்களா?"
நிட்டிங் மெஷின் மூன்று நின்ற தரை.
மெஷின்கள் கடனுக்குப் போயின.
கான்கிரீட்டை மட்டும்
பேங்கால் தூக்கிப்போக முடியவில்லை.

கடலை முதலில் தாளில்தான் கட்டினேன்.
நாச்சிமுத்து ஒரு சுறா எழுதினார்,
"குட்டிதான்" என்று பக்கத்தில் போட்டு.
அவர் தங்கை மகள் கோமாளி மீன், பத்து.
நான் கடற்புல் என்றெழுத,
"இத்தனை செலவு பண்ணிப் புல்லா?
மாடு எப்பங்க வருது?" என்றார்.

பவளம் பிடுங்கிவரக் கூடாது, சட்டம்.
கடற்குதிரையும் அப்படியே.
மிச்சமிருந்தது பச்சை:
கடற்புல், கடல்திராட்சை,
காசுகளைக் கோத்தது போன்ற ஒரு பாசி,
மேலே தலைநீட்டக் கண்டல் குச்சி நான்கு.
கல் மதுக்கரையிலிருந்து.
ஆசிட் ஒரு சொட்டு விட்டேன், நுரைத்தது.
மலைகள் எழும் முன்னே
ஏதோ ஒரு கடலடியில் படிந்த சேறு அது.
அதற்கு என் உப்பு
புதிதாக எதையும் காட்டிவிடாது.

தென்னம்பாளையம் மார்க்கெட்டில் கால் கிலோ இறால்.
ஒன்றை மட்டும் தண்ணீரில் அழுகவிட்டேன்.
ஆறு வாரம்.
நாற்றத்துக்கு ஒறம்பரை யாரும் வரவில்லை,
அதுவும் ஒரு லாபம்.
அம்மோனியாவின் பச்சை, நைட்ரைட்டின் ஊதா.
ஷேடு கார்டில் பழகிய கண்,
அரைப்படி வெளுத்தாலும் தெரியும்.
ஒருநாள் இரண்டு குப்பியும்
ஒன்றுமே சொல்லவில்லை.
அன்றைக்குத்தான் தூத்துக்குடிச் சூசைக்குப் போன் செய்தேன்.

விடியற்காலை ஐந்து மணி பஸ்ஸில்
தெர்மாகோல் பெட்டி இறங்கியது.
நனைத்த செய்தித்தாளில் சுற்றிய புல்,
இருபது நத்தை,
பெட்டி மூடியில் சூசையின் கையெழுத்து:
"வேர் ஆழமா. மீனுக்கு அவசரம் வேண்டாம்."

சித்திரையில் ஒரு ராத்திரி கரண்ட் போனது.
இன்வெர்ட்டரும் செத்தது.
தண்ணீர் முப்பத்திரண்டு டிகிரி.
உள்ளே மீனென்று ஒன்றுகூட இல்லை.
ஆனாலும் நாச்சிமுத்து ஸ்டூலில் ஏறி
சொம்பில் மொண்டு மொண்டு
உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தார்
மூன்று மணிவரை, பனியன் நனைய.
"புல்லு மூச்சு வுடோணுமல்லோ."
காலையில் பட்டியலில் சுறா அடித்திருந்தது.
நான் கேட்கவில்லை.

இப்போது இரண்டு கோமாளி,
பண்ணையில் பொரித்தவை.
மணலை வாயில் அள்ளித் துப்பும் ஒரு சின்ன மீன்.
அவ்வளவுதான் வாங்கியது.
வாங்காமல் வந்தது:
கல்லிடுக்கில் விசிறி விரிக்கும் ஒரு புழு.
விளக்கைப் போட்டால்
கூச்சப்பட்டு உள்ளே போய்விடுகிறது.

சனிக்கிழமை பழைய தண்ணீரை எடுத்துப் புதிது ஊற்ற வேண்டும்.
எடுத்ததை வாளியில் வைத்துக்கொண்டு
பின்வாசலில் நின்றேன்.
சாக்கடைக்குப் போனால் நொய்யலுக்குப் போகும்.
ஒரத்துப்பாளையத்துக்குக் கீழே எங்கள் காடு.
வரப்பில் வெள்ளை பூத்த வருஷம்
அப்பா அதைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார்,
நாக்கில் வைக்கவில்லை.

இரண்டு கேனில் ஊற்றி
ஸ்கூட்டியில் கால்வைக்கும் இடத்தில் வைத்து
நிலையத்துக்கே கொண்டுபோனேன்.
கேட்டில் வாட்ச்மேன் மூடியைத் திறந்து மோந்தார்,
என்னை ஒருமுறை பார்த்தார்,
ரிஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்து வாங்கினார்:

கடல். நாற்பது லிட்டர். உள்ளே.